அடுத்த இருபது ஆண்டும் கணேசபுரம் சப்வேயும்

சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் ரயில் எதுவானாலும் பேசின் பிரிட்ஜைத் தாண்டித்தான் ஊரைவிட்டுப் போக முடியும். அங்கே தடம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கொருக்குப்பேட்டை வழியே கூடூருக்கு, இன்னொன்று வியாசர்பாடி, பெரம்பூர் வழியே அரக்கோணத்துக்கு. இந்த அரக்கோணம் தடத்துக்குத் தெற்கே புளியந்தோப்பு, வடக்கே வியாசர்பாடி. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், ஊடே ஓட்டேரி நல்லா என்னும் ஓடை. வரைபடத்தில் இரண்டு பேட்டைகளும் கூப்பிடு தூரம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அந்தத் தூரம் பல மடங்காகிவிடும். இரண்டையும் இணைக்கும் கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நின்றால் பெரம்பூர் மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

சென்னைப் பெருநகருக்கான மூன்றாவது மாஸ்டர் பிளானை 2026 முதல் 2046 வரைக்குமாக சி.எம்.டி.ஏ. என்கிற பெருநகர வளர்ச்சிக் குழுமம் தயாரிக்கிறது. போக்குவரத்துக்கென்று தனியாகக் கால் நூற்றாண்டுக்கான விரிவான திட்டம் ஒன்றை 'கும்டா' என்கிற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் வகுத்திருக்கிறது. இப்படிப்பட்ட திட்டங்களை எப்படிப் போடுகிறார்கள், அதில் கணேசபுரம் மாதிரி ஓர் இடம் ஏன் நழுவிப்போகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

வடசென்னையின் தடங்கள் ஆட்களுக்காகப் போடப்பட்டவை அல்ல, பெரும்பாலும் சரக்குக்காக. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பெரம்பூரில் ரயில்வே பணிமனை வந்தது. 1870களின் பிற்பகுதியில் தொடங்கி பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள் எழுந்தன. துறைமுகம், ஆலை, பணிமனை மூன்றையும் இணைக்கத் தடம் போட்டவர்களுக்கு, அந்தத் தடத்தின் குறுக்கே தொழிலாளி எப்படிப் போவான் என்பது பெரிய கவலையாக இல்லை. பி அண்டு சி மில் என்று அழைக்கப்பட்ட அந்த ஆலைகள் 1996-ல் மூடப்பட்டுவிட்டன. தடம் இருக்கிறது, குறுக்கே போக வேண்டியவர்களும் இருக்கிறார்கள்.

இன்றைய திட்டமிடும் முறை 1950களில் டெட்ராய்ட், சிகாகோ நகரங்களில் உருவானது. நகரத்தைச் சின்னச் சின்ன மண்டலங்களாகப் பிரிப்பார்கள். வீடு வீடாகப் போய், நேற்று யார் எங்கே எதில் போனார்கள் என்று கேட்பார்கள். அதிலிருந்து ஒவ்வொரு மண்டலத்திலும் எத்தனை பயணம் கிளம்புகிறது, எங்கே முடிகிறது, பஸ்ஸா பைக்கா ரயிலா, எந்தச் சாலை வழியே என நான்கு படிகளில் கணக்குப் போட்டு, இருபது ஆண்டு கழித்து எங்கே நெரியும் என்று கணினி சொல்லும்.

கணக்கில் தப்பில்லை, கேள்வியில்தான் ஓட்டை. சப்வே மூடியிருந்ததால் நேற்று கல்லூரிக்கே போகாத பெண்ணின் பயணம் இந்தக் கணக்கில் பூஜ்யம். ஒரே மண்டலத்துக்குள் நடந்து முடிகிற பயணம் எந்தச் சாலையின் கணக்கிலும் ஏறாது. சென்னையில் நடப்பவர்கள் கொஞ்சநஞ்சம் அல்ல, மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய கால்வாசி நடைதான். எல்லாவற்றையும்விட, கணினிக்கு கணேசபுரம் சப்வே ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஆண்டில் ஒரு நாளும் தண்ணீர் நிற்காது.

ஆகவே கண்ணில் படுவதெல்லாம் பெரிய கோடுகள். எண்ணூர்ப் பக்கம் தொடங்கி மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் முடியும் சுமார் 133 கிலோமீட்டர் எல்லைச் சாலை. 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டம். அதில் மாதவரம்–சிப்காட் தடம் பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி வழியாகப் போகிறது. துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலை. 2009-ல் அடிக்கல், 2012-ல் நிறுத்தம், கூவத்தில் ஆண்டுக்கணக்கில் மொட்டைத் தூண்கள், 2022-ல் மறுபடி அடிக்கல். இவை வேண்டாதவை என்று சொல்லவில்லை. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபோது திருவொற்றியூர்க்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆசுவாசம் என்பது ஏறிப் போனவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்தக் கோடுகள் அனைத்தும் நெடுந்தூரம் ஓடுபவை. குறுக்கே நூறு மீட்டர் கடக்கும் கோடு திட்டத்தில் அடிக்குறிப்பாகக்கூட வராது.

குறுக்கே கடப்பது சுலபமான வேலையும் அல்ல. மின்சார ரயில் தடத்தின் மேலே பாலம் போட்டால், கம்பிக்கு இடம்விட்டு, கர்டரின் கனத்தையும் சேர்த்து, சாலை சுமார் எட்டு மீட்டர் உயர வேண்டும். முப்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்ற சரிவில் போனால் ஒவ்வொரு பக்கமும் 240 மீட்டர் சாய்தளம். புளியந்தோப்பில் 240 மீட்டர் என்பது எத்தனை கடை, எத்தனை வாசல் என்று எண்ணிப் பாருங்கள். சப்வேக்கு ஐந்து மீட்டர் ஆழம் போதும், சாய்தளமும் குட்டை. ஆனால் பள்ளத்தில் பள்ளம் தோண்டினால் தண்ணீர் எங்கே போகும்? மோட்டார் வைத்து இறைத்தாலும் அது போய்ச் சேர வேண்டியது அதே நல்லாவும் கால்வாயும்தான். கனமழையில் அவையே ததும்பி நிற்கும்.

இதற்கு மேல் அதிகார எல்லை வேறு. தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதி தெற்கு ரயில்வேயின் பொறுப்பு, அணுகுசாலை மாநகராட்சியுடையது, மின்கம்பிக்கும் குடிநீர்க் குழாய்க்கும் வெவ்வேறு அலுவலகங்கள். கர்டர் தூக்கி வைக்க ரயில்களை நிறுத்தி 'லைன் பிளாக்' வாங்க வேண்டும். சென்ட்ரல் வாசலில் இருக்கும் தடத்தில் அது பின்னிரவில் சில மணி நேரம் கிடைத்தாலே அதிகம். கணேசபுரத்தில் மேம்பாலப் பணியை மாநகராட்சி கையிலெடுத்ததே பல மழைக்காலங்கள் கழிந்த பிறகுதான்.

இந்த இழுபறியைத் தீர்க்கத்தான் கும்டா. அதற்கான சட்டம் வந்தது 2010-ல். முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரவே பன்னிரண்டு ஆண்டு என்றால், சப்வே எந்த மேசைக்கு வரும் என்று கேட்பது குதர்க்கமல்ல. என் கணிப்பில், ஒரு நீண்டகாலத் திட்டம் நல்லதா என்று பார்க்க அதன் மெட்ரோ வரைபடத்தைவிட, அதிலுள்ள தண்டவாளக் கடவைகளின் பட்டியலைப் பார்ப்பதே மேல். பட்டியலே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

மாஸ்டர் பிளான் வரைவு வெளியானதும் ஆட்சேபம், ஆலோசனை சொல்லப் பொதுமக்களுக்கு அவகாசம் தர வேண்டும் என்கிறது 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். புளியந்தோப்புக்காரர்கள் மாநகராட்சியின் ஆறாவது மண்டலமான திரு.வி.க. நகர் வரைபடத்தை எடுத்து, அரக்கோணம் தடத்தை எத்தனை இடத்தில் கடக்கலாம், எதில் பஸ் போகும், எதில் நடந்து மட்டும் போகலாம், எது மழையில் மூடும் என்று குறித்துக்கொள்ளலாம். மனுவில் "எங்கள் பகுதிக்குப் போக்குவரத்து வசதி வேண்டும்" என்று எழுதினால் கோப்பில் தூங்கும். சாலையின் பெயர், கடவை இருக்கும் இடம், மழையில் எத்தனை நாள் மூடியிருந்தது என்று தேதி போட்டு எழுதினால், வரைவுக்காரர் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.