மணல்மேட்டைக் காக்கும் பாதை

மாணவர்களே, கடற்கரையில் வேலியைக் கண்டால், “கடலுக்குப் போகவும் தடையா?” என்றுதானே கேட்பீர்கள்? ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் அந்த வேலிக்குக் காரணம் உண்டு.

1967-இல் அடுத்தடுத்து வந்த புயல்கள் அந்தக் கடற்கரையைக் கடுமையாக அரித்தன. கரையோரக் கட்டடங்களுக்கும் ஆபத்து வந்தது.

மணல்மேடு கரையின் சேமிப்புக் கணக்கு போன்றது. புயலின்போது அலைகள் மேட்டின் மணலை இழுத்துச் சென்று கடலுக்குள் திட்டாகக் குவிக்கின்றன. அடுத்து வரும் அலைகள் அத்திட்டில் மோதி வலுவிழக்கின்றன. புயல் ஓய்ந்தபின் சிற்றலைகள் மணலை மெல்லக் கரைசேர்க்கின்றன.

அதை மீண்டும் மேடாக்குபவை செடிகள். ராவணன் மீசைப் புல்லின் உறவான ஸ்பினிஃபெக்ஸும் அடம்பங்கொடியும் காற்றின் வேகத்தைக் குறைக்க, அது சுமந்துவந்த மணல் அங்கேயே விழுகிறது. உப்பையும் வெயிலையும் தாங்கும் இச்செடிகளால் ஓயாத கால்மிதியைத் தாங்க முடியாது. செடி அழிந்த இடத்தைக் காற்று தோண்டிப் பள்ளமாக்கிவிடும்.

அதற்காகக் கடற்கரையை மூடிவிடலாமா? மூடினால் மக்கள் ஆளுக்கொரு குறுக்குவழி தேடுவார்கள். எனவே வேலிகளுக்கிடையே குறிப்பிட்ட பாதைகளை அமைத்தார்கள். இத்தகைய பாதை கடற்காற்று வீசும் திசைக்கு நேராக இருக்கக்கூடாது. இருந்தால், காற்று அதன் வழியே புகுந்து மணலை அள்ளிச் செல்லும்.

மலாயில் ‘தாப்பாக் கூடா’ எனப்படும் அடம்பங்கொடி நம் கரைகளிலும் படர்கிறது. அடுத்த முறை கடற்கரைக்குச் சென்றால் கவனியுங்கள்: கொடியுள்ள இடத்தில் மணல் உயர்ந்திருக்கிறதா? பலர் நடந்த இடத்தில் எப்படி இருக்கிறது?