பாட்டனார் விட்டுப்போன வயல்

1963-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடி அயர்லாந்துக்கு விஜயம் செய்தபோது, அரசாங்க விருந்துகளுக்கும் பார்லிமெண்டுப் பிரசங்கத்துக்கும் நடுவே, வெக்ஸ்ஃபர்டு ஜில்லாவில் நியூ ராஸ் துறைமுகத்துக்கு அருகிலுள்ள டங்கன்ஸ்டவுன் என்னும் குக்கிராமத்துக்குச் சென்று, பஞ்ச காலத்தில் தம் கொள்ளுப் பாட்டனார் விட்டுப் புறப்பட்ட பண்ணை வீட்டின் முற்றத்தில் உறவினரோடு தேநீர் அருந்தினார். அந்தப் படங்களைப் பத்திரிகைகளில் கண்ட ஐரிஷ் வம்சத்து அமெரிக்கர் எத்தனையோ பேருக்கு, தாமும் அவ்வண்ணமே ஒரு முற்றத்தில் நின்று பார்க்கவேண்டும் என்னும் ஆசை எழுந்திருக்கக்கூடும். ஆனால் ஜனாதிபதிக்கு வாய்த்த ஒரு பாக்கியம் அவர்களில் பெரும்பாலோருக்கு வாய்க்கவில்லை. கென்னடி குடும்பத்தார் தங்கள் பண்ணையின் பெயரை மறக்கவில்லை. அந்தப் பண்ணையில் அவர்களுடைய தாயாதிகள் இன்னும் குடியிருந்தார்கள்.

மற்றவர்களின் நிலைமை வேறு. 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிரில் விழுந்த கருகல் நோய், அதையே ஏறக்குறைய முழு ஆகாரமாகக் கொண்டிருந்த ஏழைக் குடியானவர்களை ஏழு வருஷ காலம் வாட்டியதில், பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். அதற்கும் குறையாத தொகையினர் கப்பலேறினார்கள். 1841-ல் சுமார் 82 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1851-ல் 65 லட்சம் சொச்சமாகச் சுருங்கிற்று. இவ்விதம் புறப்பட்டவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தது பெரும்பாலும் ஜில்லாவின் பெயரை மட்டுமே. நாலாம் தலைமுறையில் பாஸ்டனிலோ மெல்போர்னிலோ இருந்துகொண்டு, கார்க் ஜில்லா என்ற ஒரே துப்பையும் சல்லிவன் என்ற குலப்பெயரையும் வைத்துக்கொண்டு விமானச் சீட்டு வாங்குகிறவர், அந்த ஜில்லாவின் மேற்கு மூலையிலுள்ள பியாரா தீபகற்பத்தில் இறங்கினால், அங்கே தடுக்கி விழுந்த இடமெல்லாம் சல்லிவன்களாகவே இருப்பதைக் கண்டு திகைப்பார். டிப்பரெரியில் ரயன் என்பவரைத் தேடிப் போனாலும் இதே கதிதான்.

ஆகையால் இப்பிரயாணத்துக்கு ஆயத்தம் செய்பவர் முதலில் மனிதரைத் தேடும் எண்ணத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நிலத்தைத் தேடவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அயர்லாந்தின் 32 ஜில்லாக்களும் 60,000-க்கு மேற்பட்ட சின்னஞ்சிறு நிலப்பகுதிகளாகப் பிரிந்திருக்கின்றன. டவுன்லாண்டு என்று இவற்றைச் சொல்லுவார்கள். பெயரில் பட்டணம் இருந்தாலும் பெரும்பாலானவற்றில் வயலையும் சில வீடுகளையும் தவிர வேறொன்றுமில்லை. வரியும் வாடகையும் ஜனக் கணக்கும் இந்தப் பிரிவின்படியே எழுதப்பட்டன. வடக்கே ஆறு ஜில்லாக்கள் நீங்கலாக, 2015 வரையில் தபால் விலாசத்துக்குக்கூட நாட்டுப்புறத்தில் வேறு எண் கிடையாது. அந்த ஒரு பெயர் அகப்பட்டால் மற்றவை ஒவ்வொன்றாகத் தொடரும். அகப்பட்ட பிறகும் எச்சரிக்கை வேண்டும்: கில்மோர் என்ற பெயர் பல ஜில்லாக்களில் வருகிறது, எந்தப் பங்கை, அதாவது எந்த மாதா கோவில் வட்டாரத்தைச் சேர்ந்த கில்மோர் என்று நிச்சயப்படுத்தாமல் புறப்படுவது வீண் பிரயாசை.

விசித்திரம் என்னவென்றால், இந்தப் பெயர் பெரும்பாலும் அயர்லாந்தில் கிடைப்பதில்லை. கப்பல் போய்ச் சேர்ந்த நாட்டிலேதான் கிடைக்கிறது. பாஸ்டனில் ஒரு கல்லறைக் கல்லின் அடி வரியிலோ, மாதா கோவிலின் விவாகப் பதிவேட்டிலோ, கிழவியொருத்தியின் மரண அறிவிப்பிலோ அது ஒளிந்துகொண்டிருக்கும். அந்நகரத்துக் கத்தோலிக்கப் பத்திரிகையான 'பைலட்', 1831 முதல் 1921 வரையில், காணாமற்போன அண்ணனையும் கணவனையும் தேடி ஜனங்கள் கொடுத்த விளம்பரங்களைப் பிரசுரித்து வந்தது; இன்ன ஜில்லா, இன்ன பங்கு, இன்ன கப்பல் என்று அங்க அடையாளம்போல் விவரம் சொல்லும் அந்த விளம்பரங்கள், அன்று தேடியவர்களுக்கு எவ்வளவு உதவினவோ தெரியாது, இன்று தேடுபவர்களுக்கு மிகவும் உதவுகின்றன.

அயர்லாந்துக் காகிதங்களுக்கு நேர்ந்த கதி பரிதாபமானது. உள்நாட்டு யுத்தத்தின் தொடக்கத்தில், 1922-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி, டப்ளின் நகரத்து நீதிமன்றக் கட்டிடங்களை ஒட்டியிருந்த அரசாங்க ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது, 1821 முதல் 1851 வரையில் எடுத்த ஜனக் கணக்குகளில் மிகப் பெரும்பகுதியும், உயில்களும், அங்கு ஒப்படைக்கப்பட்டிருந்த புரோட்டஸ்டண்டுத் திருச்சபைப் பதிவேடுகளும் சாம்பலாயின. இந்த நெருப்பை எல்லாரும் நினைத்து வருந்துகிறார்கள். நெருப்பில்லாமலே நடந்த நாசத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 1861, 1871 ஆகிய வருஷங்களின் கணக்கைச் சர்க்காரே உத்தரவிட்டு அழித்துவிட்டது; 1881, 1891 கணக்குகள் முதல் உலக யுத்தத்தின்போது காகிதக் கூழாகிவிட்டன. கலகக்காரன் செய்ததைவிடக் காரியதரிசி செய்தது குறைவல்ல.

எஞ்சியவற்றுள் முழுமையானவை 1901, 1911 ஆகிய இரு கணக்குகள். தேசிய ஆவணக் காப்பகம் இவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. குடும்பத்தில் யார் யார், எவருக்கு எழுத்து வாசனை உண்டு, எவர் ஐரிஷ் பாஷை பேசுவார் என்பதோடு, கூரை ஓலையா கற்பலகையா, வீட்டின் முன்புறத்தில் எத்தனை ஜன்னல்கள் என்பதுவரை அதில் குறித்திருப்பதால், பேரன் கடலுக்கு அப்பால் உட்கார்ந்தபடியே வீட்டைக் கட்டி நிறுத்திப் பார்த்துவிடலாம். ஆனால் அதில் காணும் வயதை மட்டும் அவர் நம்பிவிடக்கூடாது. பத்து வருஷ இடைவெளியில் பதின்மூன்று, பதினைந்து வயது ஏறிய கிழவர்களும் கிழவிகளும் அந்த ஏடுகளில் ஏராளமாக இருக்கிறார்கள்.

அதற்கு ஒரு காரணமுண்டு. 1908-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, 1909 ஜனவரி முதல், எழுபது வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரத்துக்கு ஐந்து ஷில்லிங் வரை உபகாரச் சம்பளம் கிடைக்கலாயிற்று. ஜனன மரணப் பதிவு அந்த நாட்டில் எல்லாருக்கும் ஏற்பட்டதோ 1864-ல்தான். அப்படியானால் எழுபது வயதுக்கு அத்தாட்சி எங்கிருந்து வரும்? 1839 ஜனவரி 6-ந் தேதி இரவில் தீவு முழுவதையும் உலுக்கிய பெரும் புயல் நினைவிருக்கிறதா என்று அதிகாரிகள் கேட்டார்கள். கேட்ட மாத்திரத்தில், அந்த இரவில் கூரை பறந்த விதத்தைக் கண்முன் கண்டதுபோல் வர்ணிப்பதற்கு எந்தக் கிழவருக்கும் சிரமமிருக்கவில்லை. புயலில் திருப்தியடையாத அதிகாரிகள் 1841, 1851 ஜனக் கணக்குகளில் தேடிப் பார்க்கும்படி மனுக்களை டப்ளினுக்கு அனுப்பினார்கள். குமாஸ்தாக்கள் தேடி, கண்ட குடும்ப விவரத்தை மனுவிலேயே எழுதித் திருப்பினார்கள். கணக்கு எரிந்துபோயிற்று, அந்த மனுக்களில் பல பிழைத்திருக்கின்றன. வாரம் ஐந்து ஷில்லிங்குக்காகக் கிழவி போட்ட மனு, எரிந்த ஏட்டின் ஒரு பக்கத்தை அவளுடைய சந்ததிக்குக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் தப்பின. அவை டப்ளினுக்குப் போகாமல் அந்தந்தப் பங்குக் குருவின் வீட்டிலேயே கிடந்ததுதான் காரணம். 1880 வரையிலான பதிவேடுகளின் படங்களைத் தேசிய நூலகம் 2015-ல் யாவரும் பார்க்கும்படி வெளியிட்டது. பலவும் லத்தீனில், அவசரக் கையெழுத்தில், மழைநீர்க் கறையோடு இருக்கும். பொறுமையுள்ளவர் ஞானத்தாய் ஞானத்தந்தையரின் பெயர்களையும் விடாமல் குறித்துக்கொண்டால், ஒரே பெயருள்ள இரண்டு குடும்பங்களைப் பிரித்தறிய அதைவிடச் சிறந்த சாதனமில்லை. புரோட்டஸ்டண்டு ஏடுகளிலும் உள்ளூரிலேயே தங்கியவை பிழைத்தன. அப்படிப் பிழைத்த ஏடுகளை ஒரு குருவானவர் புரட்டியதன் பயனாகவே, 1850-ல் அமெரிக்கா சென்ற செருப்புத் தொழிலாளியின் மகன் ஒருவனுடைய வம்சத்தில் தாய்வழியே வந்தவர் பாரக் ஒபாமா என்பது உறுதிப்பட்டு, 2011 மே மாதத்தில் அவர் ஆஃபலி ஜில்லாவின் மணிகால் கிராமத்துக்கு வந்து போனார். பக்கத்து நெடுஞ்சாலையில் பெட்ரோல் போட நிறுத்தும் இடத்துக்கு இப்போது அவருடைய பெயர். மாடியில் ஒரு கண்காட்சியும் உண்டு. வம்சாவளி ஆராய்ச்சி இந்த மட்டுக்கும் போகவேண்டுமா என்று எனக்குச் சந்தேகமே.

நிலத்தைக் கைகாட்டும் கிரந்தம் ஒன்று உண்டு. ரிச்சர்டு கிரிஃபித் என்பவரின் மேற்பார்வையில் 1847 முதல் 1864 வரை வரி விதிப்புக்காகச் செய்த மதிப்பீட்டில், ஒவ்வொரு டவுன்லாண்டிலும் குடியிருந்தவர் பெயர், அவருக்கு நிலம் கொடுத்தவர் பெயர், வீடா தொழுவமா, எத்தனை ஏக்கர், வருஷ மதிப்பு எவ்வளவு என்பவை வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு வரிக்கும் தேசப்படத்தில் ஓர் எண் உண்டு. மதிப்பீட்டுக்கு முன்பே பஞ்சத்தில் கிளம்பிவிட்டவர்களை, கத்தோலிக்கக் குடியானவர்களும் ஆங்கிலிக்கன் பாதிரிமாருக்குத் தசமபாகம் கட்டவேண்டியிருந்த காலத்தில், 1823 முதல் 1837 வரை, எழுதிய கணக்குகளில் தேடவேண்டும். கிரிஃபித்துக்குப் பிறகு வரி அதிகாரிகள் அந்த ஏடுகளைத் திருத்திக்கொண்டே வந்தார்கள்: குடியானவன் இறந்தால் அவன் பெயரை அடித்து, மகன் பெயரையோ விதவை பெயரையோ வேறு வர்ண மையால் எழுதுவார்கள், பக்கத்தில் வருஷம் இருக்கும். சிவப்பு, நீலம், பச்சை என்று அடித்தடித்து எழுதிய அந்தப் பக்கங்களில் ஒரு வயலை இருபதாம் நூற்றாண்டு வரையில் பின்தொடர்ந்து வந்தால், இன்று அதை உழுபவர் யார் என்பதற்கு வெகு சமீபத்தில் வந்து நிற்கலாம். இந்த ஏடுகளைப் பார்க்காமல் அயர்லாந்துக்குப் போகிறவர், பாதி வேலையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார் என்பேன்.

நம் பக்கத்தோடும் இந்த விஷயத்துக்கு ஓர் உறவு உண்டு. கப்பலேறியவர் எல்லாரும் அமெரிக்காவுக்குப் போகவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைப் பட்டாளங்களில் ஐரிஷ்காரர் பெருந்தொகையினர். சென்னையில் வளர்ந்த பட்டாளம் ஒன்று 1881-ல் பம்பாய்ப் பட்டாளம் ஒன்றோடு சேர்க்கப்பட்டு, ராயல் டப்ளின் பியூஸிலியர்ஸ் என்று பெயர் பெற்றது. சென்னை ராஜதானியில் அவர்களுக்கு நடந்த ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் இவற்றின் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

இனிப் பிரயாணம். டப்ளினில் தேசிய நூலகத்தின் வம்சாவளி ஆலோசனைப் பகுதிக்கு ஒரு பொழுது போதும். மற்ற நாட்களைப் பல ஜில்லாக்களில் சிதறவிடாமல் ஒரே ஊரில் தங்கிச் செலவிடுவதே உத்தமம். கோடையானாலும் மழை உண்டென்பதால், மழை நாளை ஜில்லாத் தலைநகரின் நூலகத்துக்கும் வெயில் நாளை இடுகாட்டுக்கும் ஒதுக்கலாம். நாட்டுப்புறத்துக்குப் பஸ் வசதி சொற்பம். வாடகை மோட்டாரில்தான் போகவேண்டும். பாதைகள் ஒடுக்கம், ஓட்டுவதோ இடப்புறமாக. அமெரிக்கர்களுக்கு இது பெரிய சோதனை. 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டெழுதிய கதைகளும் ஸ்தல விருத்தாந்தங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. தம் டவுன்லாண்டைப் பற்றியதைப் படித்துக்கொண்டு போனால் உள்ளூர்க்காரரோடு பேச்சுக்குப் பஞ்சமிராது.

அந்தப் பேச்சே பயணத்தின் சாரம். வயலுக்குள் கேட்காமல் கால் வைக்கலாகாது; நிலம் இன்னொருவருடையது, அதில் காளையும் இருக்கலாம். வந்தவர் பங்கு கேட்க வரவில்லை என்பது தெளிந்துவிட்டால், எந்த மூலையில் வீடிருந்தது, எந்தச் சுவர் மாட்டுத் தொழுவமாயிற்று என்பதை முதிய விவசாயி சொல்லக்கூடும். ஏழைகளுக்குக் கல்லறைக் கல் அபூர்வம் ஆதலால் இடுகாட்டில் ஏமாற்றமே மிகுதி. ஆனால் அக்கில் தீவில் ஸ்லீவ்மோர் மலைச்சரிவில் கூரையிழந்து நிற்கும் கல் வீடுகளையும், அங்கே புல்லுக்கடியில் இன்னும் வரிவரியாகத் தெரியும் பழைய உருளைக்கிழங்குப் பாத்திகளையும் போன்றவை மேற்குக் கரை முழுதும் உண்டு. கல்வெட்டு சொல்லாததை அந்தப் பாத்திகள் சொல்லும்.

வடக்கே ஆறு ஜில்லாக்களைச் சேர்ந்தவர்கள் பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டும். தெற்கே, விடுதலையான தேசம் முதன்முதலாக எடுத்த ஜனக் கணக்கு 1926 ஏப்ரல் 18-ந் தேதியது; நூறு வருஷம் மூடி வைக்கவேண்டும் என்னும் சட்டத் தவணை அதற்கு 2026 ஏப்ரலில் முடிகிறது. புயலிரவை நன்றாக நினைவு வைத்திருந்தவர்களில் எவரேனும் அதுவரை உயிரோடிருந்தால், தமக்கு எத்தனை வயது என்று மூன்றாம் முறையாக என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம்.