கசிந்த எஃப்.ஐ.ஆர்... குற்றவாளி யார்?

2024 டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். பயந்து ஒதுங்கிவிடாமல் கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். காவல்துறையும் வேகமாகவே ஆளைப் பிடித்தது. அதே வேகத்தில் இன்னொரு கொடுமையும் நடந்தது. மாணவியின் அடையாளம் அத்தனையும் அடங்கிய முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்) வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்தது.

எஃப்.ஐ.ஆர் படிவத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புகார்தாரரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, தொழில், முகவரி, செல்போன் எண் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். கீழே நடந்ததெல்லாம் புகார்தாரர் சொன்னபடியே விலாவாரியாக எழுதப்பட்டிருக்கும். காவல் நிலையத்தில் ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னதை, முன்பின் தெரியாதவர்கள் டீக்கடையில் நின்றுகொண்டு செல்போனில் படித்தார்கள்.

பூட்டாத கதவு

எஃப்.ஐ.ஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. குற்றம் சாட்டப்பட்டவர் தன் மீது என்ன வழக்கு என்பதை அறிய வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வந்தது அது. பாலியல் குற்றங்கள், போக்சோ, தீவிரவாத வழக்குகள் போன்றவற்றை ஏற்றக் கூடாது என்ற விலக்கும் அதே உத்தரவில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பிரிவு எண்கள் மாறின. விலக்கு இருந்தும் மாணவியின் எஃப்.ஐ.ஆர் அரசு இணையதளத்தில் திறந்து கிடந்ததற்கு, பழைய சட்டத்திலிருந்து புதியதற்கு மென்பொருளை மாற்றியபோது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறுதான் காரணம் என்று விளக்கம் தரப்பட்டது.

விளக்கத்தால் மாணவிக்கு ஆனது எதுவுமில்லை. சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பர் 28 அன்று, அவருக்கு அரசு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. மூன்று பெண் ஐ.பி.எஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் அமைத்தது. மாணவி மீதே பழிபோடும் தொனியில் எஃப்.ஐ.ஆர் எழுதப்பட்டிருந்ததையும் நீதிபதிகள் கண்டித்தார்கள்.

செல்போன் யாருடையது?

கசிவை விசாரித்த குழு பத்திரிகையாளர்களை அழைத்தது. அவர்களுடைய செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டது. வழக்குக்குச் சம்பந்தமில்லாத சொந்த விவரங்களையும் கேட்பதாகச் செய்தியாளர்கள் நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். 2025 பிப்ரவரியில் நீதிபதி ஜி.கே.இளந்திரையன், செல்போன்களைத் திருப்பித் தரச் சொன்னார். விசாரணை என்ற பெயரில் அவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்றும் உத்தரவிட்டார்.

நிருபரின் செல்போனில் அவர் ரகசியம் மட்டுமா இருக்கிறது? லஞ்சத்தைப் பற்றித் துப்புக் கொடுத்த கிளார்க், பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சுகிற கான்ஸ்டபிள் என்று எத்தனையோ பேர் அதற்குள் இருக்கிறார்கள். செல்போனை எடுத்துக்கொண்டால் நாளைக்கு எவரும் நிருபரிடம் வாய் திறக்க மாட்டார்கள். ஆக, அரசு இணையதளத்தின் அலட்சியத்தில் முதலில் மாணவியின் அந்தரங்கம் போனது. அதை விசாரிக்கப் போய்ப் பத்திரிகையாளர்களின் அந்தரங்கம் போனது.

அதற்காக ஊடகங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. அரசின் இணையதளத்திலேயே கிடைத்தது என்பது பதிவிறக்கம் செய்ததற்குக் காரணமாகலாம்; பரப்பியதற்குக் காரணமாகாது. இதற்கான விடையை தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே 30 ஆண்டுகளுக்கு முன் தந்துவிட்டது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை 'நக்கீரன்' வெளியிட முனைந்தபோது சிறைத்துறை குறுக்கே நின்றது. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வெளியாவதற்கு முன்பே ஒரு எழுத்தைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது. அதே தீர்ப்பில், தனிமனிதரின் அந்தரங்கம் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவுக்குள் அடங்கும் என்றும் சொன்னது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் இருப்பதை எழுதலாம். ஆனால் பாலியல் வன்கொடுமைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயரை எழுதக் கூடாது என்று கோடும் போட்டது. பத்திரிகைச் சுதந்திரமும் அந்தரங்க உரிமையும் ஒரே தீர்ப்பில் ஒன்றாக வலுப்பெற்ற வழக்கு அது.

2018-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டை இன்னும் அழுத்தமாகப் போட்டது. பெயர் மட்டுமல்ல, ஆள் யாரென்று காட்டிக்கொடுக்கும் எந்த விவரமும் வரக் கூடாது. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் அதுதான் விதி. முகத்தை மங்கலாக்கிவிட்டு, எந்த ஊர், என்ன படிப்பு, எந்த ஆண்டு, அப்பா என்ன வேலை என்று திரையில் ஓடவிடுவது பெயரைச் சொல்வதற்குச் சமம். ஒவ்வொரு சேனலும் ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தாலும், சேர்த்துப் பார்க்க இணையம் இருக்கிறது.

வளாகத்தில் பாதுகாப்பு ஏன் இல்லை, குற்றவாளிக்குப் பின்னால் யார் இருந்தார்கள், எஃப்.ஐ.ஆர் எப்படி வெளியே வந்தது என்ற கேள்விகளில் ஒன்றுக்குக்கூட மாணவியின் பெயர் தேவைப்படவில்லை. அரசைக் குடைய வேண்டிய இடத்தில் குடைவதும், பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலைத் தாண்டாமல் நின்றுவிடுவதும்தான் நல்ல பத்திரிகைத் தொழில்.

வழக்கு வேகமாக முடிந்தது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்கு, குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனையை சென்னை மகளிர் நீதிமன்றம் விதித்தது. ஆனால், எத்தனை செல்போன்களில் அந்த எஃப்.ஐ.ஆர் இன்னும் கிடக்கிறது என்பதை எந்த நீதிமன்றமும் கணக்கெடுக்க முடியாது.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுகிற எவருக்கும் இரண்டு ஆண்டுகள் வரை சிறை என்கிறது. அது நிருபருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. இன்றைக்கு செல்போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வெளியீட்டாளர்தான். அப்படி ஒரு ஆவணம் உங்களுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். அனுப்பியவரையும் அழிக்கச் சொல்லுங்கள்.