இதயத் தசைக்குக் கோடு போடும் மெஷின்

நம்ம ஊர் மூங்கில்துறைப்பட்டு, தென்பெண்ணைக் கரை. ஆற்றை மேலிருந்து எடுத்த ஒரு போட்டோவைக் கொடுத்து, தண்ணி எங்க முடியுது, மணல் எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு போடச் சொன்னா, நாலு பேர் நாலு விதமா போடுவாங்க. இதய எம்.ஆர்.ஐ. படத்திலும் இதே சிக்கல்தான்.

குறுக்குவெட்டுப் படத்தில், இதயத்தின் இடது கீழறையில் இருக்கும் ரத்தம் வெள்ளையா, வட்டமா தெரியும். அதைச் சுற்றி வளையல் மாதிரி கறுப்பா இருப்பதுதான் இதயத் தசை. அந்த வளையலுக்கு உள்கோடு, வெளிக்கோடு இரண்டையும் வரையணும். ஒரு நோயாளிக்குப் பத்து வெட்டுப் படங்கள்கூட இருக்கும். இதயம் விரியும்போது ஒரு தடவை, சுருங்கும்போது ஒரு தடவை. கையால் வரைந்தால் நேரம் போறதே தெரியாது.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? ஒரு துடிப்பில் எத்தனை சதவீத ரத்தம் வெளியே போகுதுங்கிற கணக்கு உள்கோட்டிலிருந்துதான் வருது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பது தசையின் தடிமன். பெரியவர்களுக்கு அது 15 மி.மீ. தொட்டால், தசை தடிக்கும் நோயா என்று டாக்டர் யோசிப்பார். படத்தில் ஒரு புள்ளி சுமார் ஒன்றரை மி.மீ. கோடு இரண்டே புள்ளி தள்ளிப் போனா, 12 மி.மீ. 15 ஆயிடும்!

2017-ல் இதுக்கு ஏ.சி.டி.சி. என்று ஒரு சர்வதேசப் போட்டி நடந்தது. பிரான்சின் டிஜோன் மருத்துவமனையில் எடுத்த 150 பேரின் ஸ்கேன்கள். நிபுணர் கோடு போட்ட 100 பயிற்சிக்கு, மீதி 50 தேர்வுக்கு. சென்னை ஐ.ஐ.டி.யின் கணபதி கிருஷ்ணமூர்த்தி குழு கோடு போடுவதில் இரண்டாம் இடம், நோயை வகைப்படுத்துவதில் முதலிடம்.

அவங்க நெட்வொர்க், ஒவ்வொரு புள்ளியும் தசையா, இடது அறையா, வலது அறையா, இல்லை வேறெதுவுமான்னு ஊகிக்கும். நிபுணரின் கோட்டோடு ஒப்பிட்டு, தப்புக்கு ஏற்ப உள்ளே இருக்கும் எண்களைத் திருத்திக்கும். திரும்பத் திரும்ப இதேதான் பயிற்சி. கடைசியில் அந்தக் கோடுகளை வைத்துக் கொள்ளளவும் தடிமனும் அளந்து, அந்த அளவுகளிலிருந்து என்ன நோய்னு இன்னொரு நிரல் சொல்லும்.

ஆனா ஒண்ணு. பயிற்சி, தேர்வு இரண்டுமே ஒரே மருத்துவமனைப் படங்கள். நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் வேறொரு ஸ்கேனரில், மூச்சைப் பிடிக்க முடியாமல் படுத்திருந்தா அதே துல்லியம் வரும்னு சொல்ல முடியாது. இதயத்தின் நுனியிலும் வால்வுப் பக்கத்திலும் கோடு இன்னும் அதிகமா தடுமாறும்.

அதனால வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தா, "மெஷின் போட்ட கோட்டை டாக்டர் சரிபார்த்தாரா?" என்று தயங்காமக் கேளுங்க.