ஆள் வரும் பின்னே, ஈசிஜி வரும் முன்னே!

ஆக்சிஜன் சிலிண்டர்கள் சாய்ந்து நிற்கும் பின்பக்கச் சந்து வழியாக என்னைக் கூட்டிப்போனார்கள். நோயாளியாகவும் இல்லாமல், ஆரஞ்சுப் பழப் பையோடும் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குள் நுழைவதே தனிச் சுகம்! காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் போடக் கூடாது, யாரையும் படம் எடுக்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள். தலையாட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். நீங்களும் கழற்றிவிட்டு வாருங்கள்.

அறையா அது? கேஸ் ஷீட் கடல்! மூன்று பீரோ, ஒன்றின் கதவும் மூடவில்லை. விசிறியைப் போட்டால் தாள் பறக்கிறது, நிறுத்தினால் சட்டை முதுகில் ஒட்டுகிறது. அதனால் விசிறியை ஒன்றில் வைத்து, ஒவ்வொரு கட்டின் தலையிலும் ஒரு கிட்னி டிரேயைக் கவிழ்த்திருக்கிறார்கள். ஜன்னல் கட்டையில் பாதி கடித்த பஜ்ஜி, ஆடை படிந்த டீ. மாரடைப்போடு வந்தவர்களை எப்படிக் கவனித்தோம் என்று ஆஸ்பத்திரி தனக்குத்தானே மார்க் போட்டுக்கொள்ளும் இடம் இதுதான்.

திருத்துபவர் ஒரு மூத்த சிஸ்டர். கையில் சிவப்புப் பேனா, மூக்கு நுனியில் கண்ணாடி. “பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு வந்த மாதிரி நிக்கிறீங்களே, உக்காருங்க” என்றார். கேள்வித்தாளைக் காட்டினார். வந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாச்சா? ஆஸ்பிரின் கொடுத்தாச்சா? ரத்தக் குழாய் அடைத்திருப்பது ஈசிஜியில் தெரிந்தால், 30 நிமிடத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டாச்சா? வீட்டுக்கு அனுப்பும்போது எல்லா மாத்திரையும் சீட்டில் இருக்கா? பீடியை விடச் சொன்னாங்களா? கேள்விக்கு ஒரு கட்டம். உள்ளே ஒரு டிக், இல்லையேல் ஒரு சுழி.

ஒரு ஷீட்டை உருவினார். “வந்த நேரம் 4.20.” ஈசிஜித் தாளைத் திருப்பினார். அதில் அச்சாகியிருந்த நேரம் 4.12! ஆள் வாசலை மிதிக்க 8 நிமிடம் முன்னாலேயே ஈசிஜி எடுத்துவிட்டார்கள். “யானைக்கு மணியோசை மாதிரி, நம்ம பேஷண்டுக்கு ஈசிஜி!” என்று பயிற்சி டாக்டர் ஒருவர் சொல்ல, கிட்னி டிரேக்கள் எல்லாம் அதிர்ந்தன.

சிரிப்போடு சிரிப்பாகக் கேஷுவாலிட்டிக்குப் படையெடுத்தோம். சுவர்க் கடிகாரம், ஈசிஜி மெஷின், ரெஜிஸ்டர் எழுதுபவரின் கைக்கடிகாரம், மூன்றும் மூன்று கட்சி. “பஸ்ஸைப் பிடிக்க வசதியா இருக்கட்டும்னு மூணு நிமிஷம் ஃபாஸ்ட்டா வச்சிருக்கேன்” என்று அவர் நெளிந்தார். நல்லவேளை, ரெஜிஸ்டரில் ஏறுவது சுவர்க் கடிகார நேரம். அது செல்போனோடு ஒத்துப்போனது. மெஷின்தான் 14 நிமிடம் பின்தங்கிக் கிடந்தது. அப்படியானால் அந்த ஈசிஜி எடுத்தது 4.26க்கு. ஆறே நிமிடம். பாஸ்! நான் கைதட்டிவிட்டேன்.

சிஸ்டர் தட்டவில்லை. விறுவிறுவென்று அறைக்குத் திரும்பி, ஏற்கெனவே டிக் வாங்கிய ஷீட்டுகளை இழுத்தார். வந்தது 9.05, ஈசிஜி 9.08. மூன்றே நிமிடம் என்று போன வாரம் எல்லோரும் பூரித்துப்போன ஷீட்டாம். இப்போது 14ஐக் கூட்டினால் 17. டிக்கை அடித்துவிட்டுச் சுழி போட்டார். அடுத்தது, அதற்கு அடுத்தது... தன் கையால் போட்ட மார்க்கைத் தன் கையாலேயே குறைத்துக்கொண்டு போனார். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. பஜ்ஜியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இதைவிடத் தமாஷ் ஒண்ணு இருக்கு” என்று ஒரு கட்டத்தைத் தட்டினார். ‘வலி தொடங்கிய நேரம்.’ யார் மணி பார்த்துக்கொண்டு நெஞ்சைப் பிடிப்பார்கள்? “மாதா கோயில் மணி அடிச்சப்ப.” “பாங்கு சொன்னப்ப.” “வலையைக் கரையேத்தினப்ப.” “சீரியல் முடியிற நேரம்.” எந்தப் பாங்கு, எந்த சீரியல் என்று கேட்டுக் கேட்டு, ஊரின் நேரத்தைக் கடிகார நேரமாக மாற்றுவது சிஸ்டர்களின் வேலை. நடுவில் சோடா, ஓமத் திரவம், ‘வாய்வுதான், தூங்கினாச் சரியாயிடும்’ என்ற பக்கத்து வீட்டு வைத்தியம் எல்லாம் கணக்கில் வரும்.

சின்னக் கட்டம்தான், பெரிய விஷயம். இந்தியாவில் 50 நகரங்களின் 89 ஆஸ்பத்திரிகளில் 20,468 பேரைக் கவனித்த ‘கிரியேட்’ பதிவேடு 2008இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. முழு அடைப்பு வகை மாரடைப்பு வந்தவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே 360 நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வந்தபின் ஊசிக்கு இடைநிலைக் கணக்கு 50 நிமிடம். வாசலுக்கு உள்ளே 50, வெளியே 360!

மார்க் போட்டால் மட்டும் பிழைப்பார்களா? கேரளத்தில் 63 ஆஸ்பத்திரிகள், 21,374 நோயாளிகளை வைத்து, சரிபார்ப்புப் பட்டியலும் ரிப்போர்ட் கார்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. முதல் 30 நாளில் மரணம், மறு மாரடைப்பு போன்றவை தெளிவாகக் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை. “மார்க் ஷீட் கொடுத்தா மட்டும் பையன் பாஸாயிடுவானா? உக்காந்து படிக்கணுமே” என்றார் சிஸ்டர். தமிழ்நாட்டில் சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடும் ஆம்புலன்ஸோடும் கோத்துப் பாதையையே மாற்றிப் பார்த்தார்கள். 2017இல் வெளியான 2,420 பேர் கணக்கில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் கணக்கு நூற்றுக்கு 17.6இலிருந்து 14.2 ஆக இறங்கியிருந்தது.

ஆனால் காரைக்காலின் பாதை கொஞ்சம் வேடிக்கையானது. கடலை விட்டால் எந்தப் பக்கம் கிளம்பினாலும் தமிழ்நாடு. சுமார் 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சொந்தத் தலைநகரான புதுச்சேரிக்குப் போவதற்கும் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டும். மேல்சிகிச்சைக்குத் தஞ்சாவூருக்கோ புதுச்சேரிக்கோ ஆம்புலன்ஸ் பறந்ததும், கேஸ் ஷீட்டின் கடைசிக் கட்டம் காலியாக நின்றுவிடுகிறது: ‘பிறகு?’

அதை நிரப்பச் சாயங்காலம் ஐந்தரைக்கு நோயாளியின் வீட்டுக்குப் போன் போடுகிறார்கள். ஸ்பீக்கரில் போட்டார் சிஸ்டர். மணி அடிக்க அடிக்க, அறையில் பேச்சு நின்றது. யார் எடுக்கப்போகிறார்கள்? அவரா, அழும் குரலா?

“ஹலோ, யாரு?” கரகரத்த ஆண் குரல். “ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறோம் ஐயா.” “பில்லு ஏதும் பாக்கியா?” எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டோம். “இல்லைங்க ஐயா, நல்லா இருக்கீங்களான்னு கேக்கத்தான்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “இருக்கேன்ம்மா. மாத்திரைதான் தீந்து பத்து நாளாச்சு. வலி ஒண்ணும் இல்லியே, நிறுத்திடலாம்ல?”

சிஸ்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த வேகத்தில் ஒரு கிட்னி டிரே தரையில் உருண்டது. “நிறுத்தவே கூடாது! நாளைக்குக் காலையில முதல் வேலையா இங்க வாங்க, சீட்டு தர்றோம்.” பத்து நாள் மாத்திரை இல்லாத கதையை எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது. ஓரத்தில் சிவப்பில் எழுதினார். கட்டத்தை நிரப்ப எடுத்த போன், ஓர் ஆளைத் திருப்பி அழைத்துக்கொண்டது.

“எத்தனை மணிக்கும்மா வரட்டும்?”

சிஸ்டர் சுவரைப் பார்த்தார், செல்போனைப் பார்த்தார், எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார். “மாதா கோயில் மணி அடிக்கிறப்ப வந்துருங்க ஐயா!”