கையெழுத்திடாத ஜாமீன்தாரர்கள்

செல்போனில் ஒரு கடன் செயலியை நிறுவியதும் வரிசையாகச் சில அனுமதிகளைக் கேட்கும்: கேமரா, இருப்பிடம், படங்கள், தொடர்பு எண்கள். அவசரத்துக்குப் பணம் தேடுபவர் எல்லாவற்றுக்கும் 'அலவ்' என்று அழுத்திவிடுகிறார். தன் விவரங்களை மட்டுமே கொடுத்ததாக அவர் நினைக்கிறார். உண்மையில் அந்த நொடியில் அம்மா, மைத்துனர், மேலாளர், பிள்ளையின் வகுப்பாசிரியர் என்று போனில் உள்ள அத்தனை பேரையும் கொடுத்துவிட்டார்.

2020 ஊரடங்கில் வருமானம் நின்றுபோனவர்களைக் குறிவைத்து இந்தச் செயலிகள் பெருகின. ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஆராய்ந்தபோது, இந்தியர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் ஏறத்தாழ 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை மட்டும் 2,500-க்கும் மேற்பட்ட கடன் செயலிகளை கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. நீக்கப்பட்டவை வேறு பெயரில் திரும்ப வருவது இந்தத் தொழிலில் வழக்கம்.

கணக்கு எப்படி ஓடும் என்பதற்கு ஓர் உதாரணம். கடன் 5,000 ரூபாய். 'பிராசஸிங்' கட்டணம் என்று 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 3,500 ரூபாய் கொடுப்பார்கள். ஏழே நாளில் 5,000 ரூபாயைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதாவது வாரத்துக்குச் சுமார் 43 சதவீதம். ஆண்டுக் கணக்கில் 2,200 சதவீதத்தைத் தாண்டும். தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தனிச்சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்குக் காரணமான மீட்டர் வட்டிக்காரர்கூட ஜாமீன் போடுகிறவரை நேரில் வரவழைத்துக் கையெழுத்து வாங்கினார். இங்கே ஜாமீன்தாரருக்கே தான் ஜாமீன் என்பது தெரியாது.

தவணை தவறியதும் வசூல் அந்தத் தொடர்பு எண் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறது. எண்களை நாம் எந்தப் பெயரில் சேமித்திருக்கிறோமோ, அதுவே மிரட்டுபவருக்கு வழிகாட்டி. 'அம்மா' யார், 'ஆபீஸ் ஹெச்.ஆர்.' யார் என்று அவர் விசாரிக்க வேண்டியதில்லை. கடன் வாங்கியவரைத் திருடர் என்று சித்திரிக்கும் செய்திகள் உறவினர்களுக்குப் போகும். கேலரியிலிருந்து எடுத்த முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி அனுப்புவார்கள். இந்த அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. 2021 ஜனவரியில் சென்னை போலீஸார், பெங்களூரில் இயங்கிய கடன் செயலிக் கும்பல் ஒன்றைப் பிடித்து, சீன நாட்டவர் இருவர் உட்படச் சிலரைக் கைது செய்தார்கள்.

பலரும் அறியாத விஷயம் ஒன்று உண்டு. அனுமதி கிடைத்தவுடன் முழுப் பட்டியலும் நகலாகி நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விட முடியும். பிறகு அனுமதியை ரத்து செய்தாலும், செயலியையே அழித்தாலும், அங்கே சென்ற நகல் அழியாது.

சட்டம் இந்த ஆபத்தை அறிந்திருக்கிறது. கடன் செயலிகள் தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள், படக்கோப்புகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று 2022 செப்டம்பரில் வெளியான ரிசர்வ் வங்கி நெறிமுறைகள் தடை விதித்தன. 2023-இல் கூகுளும் தனிநபர் கடன் செயலிகளுக்கு இதே தடையை விதித்தது. அதே ஆண்டு நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரும் விளக்கம் ஒன்று இன்னும் தெளிவானது: மருத்துவ ஆலோசனைச் செயலி ஒன்று தொடர்பு எண்களையும் கேட்டு, பயனர் சம்மதித்தாலும், அந்தச் சேவைக்கு எண்கள் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் செல்லாது. ஆனால் அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. மேலும், இவையெல்லாம் சட்டத்துக்கு உட்பட்டு நடப்பவர்களையே கட்டுப்படுத்தும். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி ஏபிகே என்ற செயலிக் கோப்பை நிறுவச் சொல்பவர் எந்த விதிக்கும் காத்திருப்பதில்லை.

ஆகவே காவல் நம் கையில்தான் தொடங்க வேண்டும். போனின் செட்டிங்ஸில் 'பெர்மிஷன் மேனேஜர்' பகுதிக்குச் சென்று, தொடர்பு எண்களைப் பார்க்கும் அனுமதி எந்தெந்தச் செயலிகளிடம் இருக்கிறது என்று பாருங்கள். டார்ச், கால்குலேட்டர், விளையாட்டு எதற்கும் அது தேவையில்லை, நீக்கிவிடுங்கள். லிங்க் வழியாக வரும் செயலியை நிறுவாதீர்கள். கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பயன்படுத்தும் செயலிகளின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் 2025 ஜூலை முதல் இருக்கிறது; அதில் பெயர் உண்டா என்று முதலில் பாருங்கள்.

ஏற்கெனவே சிக்கியிருந்தால், மிரட்டலுக்குப் பயந்து மேலும் பணம் அனுப்பாதீர்கள். கொடுக்கக் கொடுக்கக் கேட்பார்கள். செய்திகளையும் எண்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். மனம் நொறுங்கினால், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் பேசலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, 'என் பெயரில் தவறான படமோ செய்தியோ வந்தால் நம்ப வேண்டாம்' என்று உங்கள் தொடர்பில் உள்ளவர்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் மறைப்பீர்கள் என்ற நம்பிக்கைதான் அவர்களின் முதலீடு. நீங்கள் முந்திக்கொண்டால் மிரட்டலின் வலு பெருமளவு குறைந்துவிடும்.

அப்படிப்பட்ட செய்தி ஒன்று உங்களுக்கு வந்தால், அனுப்பியவரை நம்பாதீர்கள், எவருக்கும் பகிராதீர்கள். அதில் பெயர் உள்ளவரை உடனே அழைத்து, 'நான் நம்பவில்லை, புகார் கொடுக்க நானும் வருகிறேன்' என்று சொல்லுங்கள்.