தலைமையாசிரியையின் இரும்பு அலமாரிக்குள் எட்டிப் பார்த்தேன்!

காலை ஆறரை. பூச்சோங்கில் இன்னும் கும்மிருட்டு. நம் ஊரில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தானே தலைகாட்டும்! ஆனால் அந்தத் தமிழ்ப்பள்ளியின் வாசல் விளக்கு எரிகிறது, கேட் அகலத் திறந்திருக்கிறது. காவலாளிக்குப் பக்கத்தில் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நிற்கிறார் தலைமையாசிரியை.

ஒரு நாள் முழுக்க அவர் பின்னாலேயே சுற்றலாம் என்று அனுமதி கிடைத்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "என் பேரு வேணாம், பள்ளி பேரும் வேணாம். பிள்ளைங்க படம் எடுக்கவே கூடாது." சரி டீச்சர்! ஆனால் மற்றதையெல்லாம் எழுதிவிடுவேன்!

முதல் வேன் வந்து நிற்கிறது. தூக்கக் கலக்கத்தோடு இறங்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே கேள்வி: "பசியாறியாச்சா?" ஆமாம் என்று டக்கென்று சொல்லும் பிள்ளை வகுப்புக்குப் போகலாம். ஒரு நொடி தயங்கினால், தலை தானாகச் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் திருப்பப்படுகிறது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் கூடுதல் உணவுத் திட்டம் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் ஏறாத பசியும் ஊரில் உண்டு. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வாசல் காவல். ஒரு பையன் "சாப்பிட்டேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு நழுவப் பார்த்தான். "என்ன சாப்பிட்டே கண்ணு?" பதில் இல்லை. ஐந்து நிமிடத்தில் அவன் கையில் நாசி லெமாக் பொட்டலம்!

இப்போது அலுவலகத்துக்குள் வாருங்கள். சுவரில் கேடயங்கள், பிரதமர் படம், பெரிய நாட்காட்டி. அதெல்லாம் எல்லாப் பள்ளியிலும் இருப்பதுதான். மேசைக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிற இரும்பு அலமாரி நிற்கிறது பாருங்கள், அதைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். திறந்தார்!

மேல் தட்டில் கறுப்புக் காலணிகள், அளவு வாரியாக. அடுத்த தட்டில் துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டைகள், நீல நிறக் காற்சட்டைகள், பினஃபோர்கள். சீப்பு, பவுடர், ஊசி நூல், ஒரு டப்பா நிறைய ஊக்கு, பாதி காலியான மைலோ டின். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவிகள் கேட்கக் கூச்சப்படும் பொருள், யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி ஒரு பூப்போட்ட பையில். சட்டைகள் எங்கிருந்து வந்தன? ஆறாம் ஆண்டு முடித்துப் போகிற பிள்ளைகளின் அம்மாக்கள் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். "கிழிஞ்ச சட்டையோட சபைகூடலுக்கு வந்தா அந்தப் பிள்ளை தலை நிமிராதுங்க. தலை நிமிராத பிள்ளைக்கு நான் என்ன பாடம் நடத்துறது?" என்றார். மாற்றிய சட்டையைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் இங்கே இல்லை.

ஏழரைக்குச் சபைகூடல். நெகாராகூ, சிலாங்கூர் மாநிலப் பண், சீனி நைனா முகம்மது இயற்றிய தமிழ் வாழ்த்து. பிறகு ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகள். நூற்றுக்கணக்கான கீச்சுக் குரல்கள் ஒன்றாக எழும்போது எனக்குப் புல்லரித்தது! தலைமையாசிரியை மட்டும் மேடையில் நின்றபடி எண்ணிக்கொண்டிருந்தார்: யார் வரவில்லை?

வராத பிள்ளைகளின் வீட்டுக்கு முதலில் ஆசிரியர் அழைப்பார். அடுத்து இவர் அழைப்பார். அப்படியும் பதில் இல்லையென்றால் மாலையில் இவருடைய கார் அந்த அடுக்குமாடி வாசலில் நிற்கும். மலிவு விலை அடுக்குமாடிகளில் எந்த புளோக்கில் மின்தூக்கி ஓடாது என்பது இவருக்கு மனப்பாடம்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போகத்தான் வேண்டும். மலாயாவின் முதல் தமிழ் வகுப்பு 1816-இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கியது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்றது. அங்கே வந்த வாத்தியார் பாடம் மட்டுமா சொன்னார்? லயத்து மக்களுக்குக் கடிதம் எழுதினார், பத்திரிகை படித்துக் காட்டினார், திருவிழாக் கணக்கு பார்த்தார், பாரம் நிரப்பினார். நாடு சுதந்திரம் பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று 520-க்குச் சற்று மேல்.

பூச்சோங்கும் ரப்பர்த் தோட்டமும் ஈயக் குட்டையுமாக இருந்த ஊர்தான். 1999-இல் எல்.டி.பி. நெடுஞ்சாலை வந்தது, 2016-இல் எல்.ஆர்.டி. வந்தது, மரங்கள் இருந்த இடமெல்லாம் கடைவீதி. தோட்டங்கள் போய்விட்டன. காசல்பீல்டு, கின்ராரா என்று தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் மட்டும் அவை நிற்கின்றன. நாட்டின் பல மூலைகளில் 150 மாணவர்கூட இல்லாத தமிழ்ப்பள்ளிகள் பிள்ளைகளைத் தேடுகின்றன. தோட்டத்திலிருந்து கிளம்பியவர்கள் வந்து சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலோ வகுப்பறை போதவில்லை. தோட்டம் போனாலும் வாத்தியாரின் அந்தப் பழைய இரண்டாவது வேலை போகவில்லை. அதைத்தான் இந்த அம்மா செய்கிறார்.

மாலை மூன்று மணி. பள்ளி விட்டாயிற்று. எனக்குக் கால் வலிக்கிறது. அவருக்கோ இப்போதுதான் நாள் தொடங்குகிறது!

வெளியே நாற்காலியில் ஓர் இளம் தாய். கையில் பிளாஸ்டிக் உறை. மகளுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. திருமணப் பதிவு இல்லை, கணவரின் அடையாள அட்டையும் தொலைந்துவிட்டது. பதிவு இலாகாவுக்கு ஒரு முறை போய்த் திரும்பி வந்தவர், மறுபடி போகப் பயப்படுகிறார். தலைமையாசிரியை அந்த உறையை வாங்கி மேசைமேல் கொட்டினார். மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசிப் புத்தகம், பாட்டியின் பழைய அட்டை நகல். ஒவ்வொன்றையும் நீவி விட்டுத் தேதி வரிசையில் அடுக்கினார். இல்லாதவற்றை ஒரு தாளில் எழுதினார். அப்புறம் தன் நாட்குறிப்பைப் புரட்டி, "வியாழக்கிழமை நானும் வர்றேன்மா. பயப்படாதீங்க, நாம கேக்கறது பிள்ளையோட உரிமை" என்றார். அந்தத் தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிலா டீச்சர்" என்றபோது குரலே வெளிவரவில்லை.

அந்த அலமாரி ஞாபகம் இருக்கிறதா? அதன் அடித்தட்டைப் பற்றி நான் சொல்லாமல் விட்டேன். அங்கே இருப்பவை இப்படிப்பட்ட கோப்புகள். அவற்றை மட்டும் அவர் பூட்டி வைக்கிறார். ஆவணம் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் அடையாள அட்டை இல்லாமல் அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகும்போது கதவுகள் சாத்திக்கொள்ளும். அதனால்தான் முதலாம் ஆண்டிலேயே இந்த ஓட்டம்.

சனிக்கிழமையும் இவருக்கு விடுமுறை இல்லை என்பதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கோத்தோங் ரோயோங்! கால்வாய் அடைப்பு எடுக்கிறவர்களோடு கையுறை போட்டுக்கொண்டு இவரும் இறங்கிவிடுவாராம். மாலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் ஶ்ரீ மூடா மூழ்கிக் கிடந்தபோது, முன்னாள் மாணவர்களின் புலனக் குழுவில் இவர் போட்ட ஒரே வரிக்கு லாரி, அரிசி, அடுப்பு எல்லாம் வந்து குவிந்ததை அவரில்லை, பள்ளி எழுத்தர்தான் எனக்கு ரகசியமாகச் சொன்னார்.

நான் போன நாளில் பரிசளிப்பு விழா ஒத்திகையும் நடந்ததே, என் அதிர்ஷ்டம்! மேடைக்குப் பின்னால் ஒரே கூத்து. பாரதி வேடம் போட்டவனுக்கு மீசை ஒட்டவில்லை. கோலாட்டக் குழுவில் ஒரு கோல் காணோம். ஒலிபெருக்கி ஊளையிடுகிறது. முதலாம் ஆண்டு மயில் ஒன்று, தோகை குத்துகிறது என்று அழுகிறது. தலைமையாசிரியை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஊக்கு டப்பாவைத் திறந்து, தோகையைப் பிரித்து மாற்றிக் குத்தினார். மயில் சிரித்தது! மூன்று மொழியில் பேச வேண்டிய தன் உரையை அவர் இன்னும் எழுதவே இல்லை.

இதற்கெல்லாம் மேல்நேரச் சம்பளம் கிடையாது. சுற்றறிக்கைகள், கல்வி இலாகாக் கூட்டங்கள், மேலாளர் வாரியம், கட்டட நிதி, வாரத்தில் சில பாடவேளை என்று முறையான வேலையே கழுத்துவரை இருக்கிறது. நல்ல தலைமையாசிரியர் அமைந்த பள்ளியைச் சுற்றி ஊரே ஒழுங்காகிவிடுகிறது என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஆனால் ஓர் ஆளின் தோளில் இத்தனையையும் ஏற்றிவிட்டு நாம் கைதட்டிக்கொண்டிருப்பது சரியில்லை.

பூச்சோங்காரர்களே, உங்கள் பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் சின்னதாகிப் போன பள்ளிச் சட்டை, நல்ல நிலையில் உள்ள காலணி இருந்தால் துவைத்துக் கொண்டுபோய்ப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள். இலாகாக்களில் வேலை செய்தவர்கள், ஓய்வு பெற்ற எழுத்தர்கள், பாரம் நிரப்பத் தெரிந்தவர்கள் வாரத்தில் ஒரு பிற்பகல் அலுவலகத்துக்கு வெளியே உள்ள அந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். முதலாம் ஆண்டுப் பதிவு இப்போது இணையத்தில்தான். ஐடிமி என்ற அந்தத் தளத்தில் தடுமாறும் பெற்றோர் உங்கள் அடுக்குமாடியிலேயே இருப்பார்கள், கதவைத் தட்டிக் கேளுங்கள்.